இருநூற்றுப் பதினான்கு கறுப்புப் பக்கங்கள்

என் அம்மா சிட்ஸ்க ஹூக்கமா முப்பத்தோரு வருடமாகக் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறாள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறாள். பள்ளியிலிருந்து தாமதமாக வந்தால் மற்ற அம்மாக்கள் "ஏன் லேட்டு?" என்று கேட்பார்கள். என் அம்மா, "எத்தனை மணிக்குக் கிளம்பின? கூட யாரு? அவளைக் கேட்டா அவளும் இதையே சொல்லுவாளா?" என்பாள். அப்பா பத்து வருடம் முன்பே உட்ரெக்ட்டுக்குக் குடிபோய்விட்டார். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. "உங்கம்மாகூடப் பேசி முடிச்சதும், எங்க கையெழுத்துப் போடணும்னு கேக்கத் தோணும்" என்று மட்டும் சொல்வார்.

பத்தொன்பது வயதில் அவள் எங்கள் மாகாணப் பத்திரிகையில் சேர்ந்தாள். முதல் வேலை, நகராட்சிக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து எழுதுவது. நாய்க்கழிவு வரி, சைக்கிள் நிறுத்துமிடம், எந்தத் தெருவில் எத்தனை மரத்தை வெட்டுவது. மற்ற நிருபர்கள் முதல் மணி நேரத்திலேயே காப்பி குடிக்க எழுந்து போய்விடுவார்கள். அம்மா கடைசிவரை இருப்பாள். ஏனென்றால், நகராட்சிக்காரர்கள் தர்மசங்கடமான விஷயங்களைக் கடைசியில்தான் வைப்பார்கள்; அதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிடும். அப்படிக் கடைசிவரை உட்கார்ந்ததற்காகவே ஐந்து வருடம் கழித்து அவளை நாடாளுமன்றச் செய்திக்கு ஹேக் நகருக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஆறு வருடம். நடைபாதையில் அமைச்சர்கள் நடப்பார்கள். ஒலிவாங்கியோடு முப்பது பேர் பின்னால் ஓடுவார்கள். அமைச்சர் நின்று, "இதைப் பத்தி இப்ப நான் எதுவும் சொல்ல முடியாது" என்பார். முப்பது பேரும் அதை எழுதிக்கொண்டு திரும்புவார்கள். சாயங்காலம் அதே அமைச்சரும் அதே முப்பது பேரும் ஒரே மதுக்கடையில் நின்று, பொரித்த இறைச்சி உருண்டையைக் கடுகுச் சாந்தில் தொட்டுச் சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது ஒத்துவரவில்லை. "காலையில அவர் பொய் சொன்னாருன்னு எழுதணும். ராத்திரி அவரே கடுகை இந்தப் பக்கம் தள்ளினா எப்படி எழுதுறது?" என்பாள். பிறகு ஊருக்குத் திரும்பி வந்து, பத்திரிகையின் புலனாய்வுப் பிரிவில் சேர்ந்தாள். அப்போது அதில் நான்கு பேர். பிறகு இருவர். இப்போது அம்மாவும் ஒரு காகிதம் கிழிக்கும் இயந்திரமும்.

எங்கள் ஊர் நோர்டர்மேரில் எந்தத் தெருவில் ஓடினாலும் கடைசியில் தண்ணீர்தான் வரும். அதனால் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்பதற்கு முன்பே நீந்தக் கற்றுச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். சட்டை, பேன்ட், காலணி எல்லாவற்றோடும் குளத்தில் குதித்துக் காட்டினால்தான் அந்தச் சான்றிதழ். நானும் அப்படித்தான் வாங்கினேன். எல்லோரும் ஊர் நீச்சல்குளத்தில்தான் வாங்கினோம்.

இரண்டு வருடம் முன்பு அந்தக் குளத்தை மூடினார்கள். அடித்தளம் உளுத்துவிட்டதாம். இடித்துவிட்டு அந்த இடத்தில் நாற்பது வீடு கட்ட, வுப்போ ஸ்டெர்கெங்கா என்ற கட்டுமானக்காரருக்கு ஏலத்தில் இடத்தைக் கொடுப்பது என்று முடிவாயிற்று. நகராட்சியில் இதற்குப் பொறுப்பானவர் ரூலோஃப் எங்பெர்ஸ். "வுப்போவை நீங்கள் முன்பே அறிவீர்களா?" என்று மன்றத்தில் யாரோ கேட்டபோது, "ஏலத்தன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்" என்றார். அது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

குளத்தில் வேலை பார்த்த ஒருவர் அம்மாவிடம் வேறு மாதிரி சொன்னார். ஏலத்துக்கு ஒரு வருடம் முன்பே, குளம் நன்றாக இருந்த காலத்தில், ரூலோஃபும் வுப்போவும் கரையில் நின்று நாடாவால் அளந்துகொண்டிருந்தார்களாம். ஆனால் பெயரை வெளியிடக் கூடாது, சாட்சி சொல்லவும் வரமாட்டேன் என்றுவிட்டார். அம்மா வேறு ஆதாரம் தேடத் தொடங்கினாள்.

தேடுவது என்றால் எங்கள் நாட்டில் மனு எழுதுவது. குளம் பற்றிய கடிதங்கள் அத்தனையும் வேண்டும் என்று அம்மா நகராட்சிக்கு எழுதினாள். ஆறு வாரத்தில் பதில் வரவேண்டும். வரவில்லை. இன்னும் இரண்டு வாரம் கேட்டார்கள். பிறகு அந்த அதிகாரி முதுகுவலி விடுப்பில் போனார். பதினான்கு மாதம் கழித்து, இருநூற்றுப் பதினான்கு பக்கம் ஒரு பெட்டியில் வந்தது. அம்மா சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, துடைத்து, பெட்டியைப் பிரித்தாள்.

எல்லாம் கறுப்பு. "மதிப்பிற்குரிய" என்று இருக்கும், கீழே முழுப் பக்கமும் கறுப்பு மை, அடியில் "அன்புடன்" என்று இருக்கும், பெயர் கறுப்பு. சில பக்கங்களில் அன்புடன்கூட இல்லை. இருநூற்றுப் பதினான்கு பக்கத்தில் முழுதாகப் படிக்க முடிந்தது ஒரே ஒரு வரி: "மதிய உணவு: சீஸ் ரொட்டி, மோர்."

அம்மா நகராட்சிச் செய்தித் தொடர்பாளர் யூரியானுக்குப் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"யூரியான், நூத்தி முப்பதாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"அதைச் சொல்லிட்டா, கறுப்பு அடிச்சதுக்கு அர்த்தமே இல்லையே மேடம்."

"சரி, எதுக்காக அடிச்சீங்க? அதையாவது சொல்லுங்க."

"காரணம் அடுத்த பக்கத்துல போட்டிருக்குமே."

"அடுத்த பக்கமும் கறுப்பாத்தான் இருக்கு."

"ஓ." தாள் புரட்டும் சத்தம். "அது அச்சுல வந்த பிழையா இருக்கலாம். எழுத்துல கேட்டிருங்களேன். ஆறு வாரத்துல பதில் வந்திரும்."

அம்மா போனை மெதுவாக மேசையில் வைத்தாள். அவள் எதையும் தூக்கி எறிகிற ஆள் இல்லை. எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் வந்தது. இருபதாம் தேதி வியாழக்கிழமை, இடிப்பதற்கு மன்றத்தில் இறுதி வாக்கெடுப்பு. அன்று கை தூக்கிவிட்டால் மறுவாரம் இயந்திரங்கள் வந்துவிடும். பிறகு ஆதாரம் கிடைத்து என்ன பயன்? இல்லாத குளத்தைப் பற்றி யார் படிப்பார்கள்? பத்திரிகை ஆசிரியர் லாம்மெர்ட் அம்மாவைக் கூப்பிட்டு அதையேதான் சொன்னார்.

"தாயே, ரெண்டு வருஷமாச்சு. உன் கையில இருக்கிறது ஒரு சீஸ் ரொட்டியும் ஒரு டம்ளர் மோரும். இருபதாம் தேதியோட இதை விட்டிரு."

"விட்டா?"

"சனிக்கிழமைப் பக்கத்துக்கு ஆள் இல்ல. 'சமையலறை மேசை'. ஊர்ப் பிரமுகர் வீட்டுக்குப் போ, காப்பி குடி, சின்ன வயசுல என்ன ஆனீங்க, என்ன பிடிக்கும்னு கேளு. ஒரு தடவையாவது யாரையும் குத்தாம எழுதேன். முதல் ஆளா ரூலோஃபையே போட்டுக்கோ, சமாதானமாவும் ஆயிரும்."

முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவளைச் சமையலறை மேசைக்கு அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குக்கூடப் புரிந்தது. "முடியாதுன்னு சொல்லும்மா" என்று நான் கத்தினேன். அம்மா ரொட்டியில் வெண்ணெய் தடவி, சாக்லேட் துகளைத் தூவி, சிந்தியதைக் கத்தியால் ஒன்று சேர்த்து மீண்டும் தூவினாள். "வீட்டுக்குள்ள விடுறாங்கல்ல" என்றாள்.

ரூலோஃப் இரண்டு நிபந்தனை போட்டார். குளத்தைப் பற்றிக் கேள்வியே கூடாது. அச்சுக்குப் போகுமுன் கட்டுரையை அவருக்கு அனுப்ப வேண்டும். தகவல் பிழை இருந்தால் திருத்துவார். இரண்டாவது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். முதலாவதற்கும் அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். நான் அன்று முழுதும் அவளோடு பேசவில்லை.

பதினான்காம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். அதன்பின் நடந்தது எனக்குத் தெரியும். ஏனென்றால் அம்மா தன் போனை அவர்கள் மேசையில் வைத்துப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பதிவை நான் பதினோரு முறை கேட்டிருக்கிறேன்.

முதல் நாற்பது நிமிடம் கொட்டாவி வரும். பனிச்சறுக்கு, அவருடைய தந்தையின் பசுமாடுகள், பட்டாணிக் கூழ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பது. காப்பி ஊற்றும் சத்தம். பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம், ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடும் சத்தம். பிறகு அம்மா, "டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று கேட்பாள்.

எங்களிடம் பிறந்தநாள் நாட்காட்டி கழிப்பறையில்தான் தொங்கும். வேறெங்கே தொங்கும்? தினமும் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிற இடம் அதுதானே. அதில் கிழமை இருக்காது. தேதியும் பெயரும் பிறந்த வருடமும்தான். அதனால் மாற்றவே தேவையில்லை. வீடு மாறினால் அதுவும் கூடவே வரும். ரூலோஃப் வீட்டு நாட்காட்டி முப்பது வருடப் பழசாம், மூலையெல்லாம் சுருண்டிருந்ததாம். மார்ச் மாதத் தாளில், அன்றைய தேதியில், வெளிறிப்போன நீல மையில் எழுதியிருந்தது: வுப்போ. கீழே ஏப்ரலில் வுப்போவின் மனைவி. ஜூனில் அவர்களுடைய இரட்டைக் குழந்தைகள். அக்டோபரில் அவர்கள் நாய்.

அம்மாவிடம் போன் இல்லை. அது மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. படம் எடுக்க முடியாது. இருந்திருந்தாலும் அடுத்தவர் கழிப்பறையைப் படம் எடுத்துப் பத்திரிகையில் போட மாட்டாள்; அது எனக்குத் தெரியும். குளத்தைப் பற்றிக் கேள்வியும் கேட்கக் கூடாது, வாக்குக் கொடுத்துவிட்டாள். பதிவில் தண்ணீர் ஊற்றும் சத்தம், கதவுச் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம்.

எங்கள் ஊரில் பிறந்தநாள் கொண்டாட்டம் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வேண்டும். வருகிறவர்கள் பிறந்தவருக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லமாட்டார்கள். வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி, "உங்க தம்பி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்", "உங்க பக்கத்து வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எல்லோரும் "நன்றி, நன்றி" என்பார்கள். மூன்று வயதிலிருந்து பழக்கம். தும்மினால் கண் மூடுவது போல, கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிடும்.

பதிவில் அம்மாவின் குரல், மிகச் சாதாரணமாக: "அட, வுப்போ பிறந்தநாளுக்கு வாழ்த்துகள் ரூலோஃப்!"

"நன்றி, நன்றி! சாயங்காலம் போறோம். நாப்பது வருஷமா போறோம், ஒரு தடவையாவது ரெண்டாவது துண்டு கேக் குடுப்பான்னு பாக்குறேன்... கஞ்சன்..."

பிறகு ஒன்பது விநாடி ஒன்றுமே கேட்காது. நான் எண்ணியிருக்கிறேன். சுவர்க் கடிகாரம் மட்டும்.

"அது வேற வுப்போ" என்கிறார் ரூலோஃப்.

"எந்த வுப்போ?"

"குளத்தைப் பத்திக் கேக்க மாட்டேன்னு சொன்ன."

"கேக்கலையே. வாழ்த்துத்தானே சொன்னேன். ஆனா உங்க கிட்ட மறைக்க மாட்டேன் ரூலோஃப், நான் இதை எழுதத்தான் போறேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களுக்கு அனுப்புவேன்."

"சிட்ஸ்க, காப்பி குடிச்சிட்டுக் கிளம்பு."

அம்மா காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அதுவும் பதிவில் கேட்கிறது.

இதற்குப் பிறகு எல்லாம் சுலபம் என்றுதான் நினைத்தேன். லாம்மெர்ட் பதிவைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "வாய் தவறிச் சொன்னேம்பான். இந்த மாகாணத்துல எத்தனை வுப்போ இருக்கான் தெரியுமா? எங்க மாமனார் பேரே வுப்போதான்! அவனே எழுத்துல ஒத்துக்கிட்டாத் தவிர நான் போட மாட்டேன். வழக்குப் போட்டா எவன் போய் நிக்கிறது?"

"அவரே எழுத்துல ஒத்துக்குவாராம்மா? என்ன பேசுறாரு லாம்மெர்ட்?" என்று நான் வீட்டில் குதித்தேன். அம்மா தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். கட்டுரையில் எல்லாவற்றையும் வைத்தாள். பனிச்சறுக்கு, பசுமாடு, பட்டாணிக் கூழ், வாழ்த்து, நன்றி, நாட்காட்டி. "அன்று அறுபத்தொரு வயதான வுப்போ ஸ்டெர்கெங்கா" என்று முழுப்பெயரோடு எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை வாக்குக் கொடுத்தபடி ரூலோஃபுக்கு அனுப்பினாள்.

திங்கள் காலை யூரியானிடமிருந்து பதில் வந்தது. முழுக் கட்டுரையும் திரும்பி வந்திருந்தது; பசுமாட்டுக்குப் பிறகு எல்லாம் கறுப்பு. "இவங்க வீட்டுல சுவருக்கும் இதே மைதான் அடிப்பாங்களா?" என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

மத்தியானம் ரூலோஃபே தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். யூரியானிடம் கேட்காமல் அனுப்பியிருக்க வேண்டும். மூன்று வரிதான்.

"சிட்ஸ்க, கட்டுரை நியாயமில்லை என்பது என் கருத்து. அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். தகவல் பிழை ஒன்றே ஒன்று: வுப்போவுக்கு அறுபத்தொன்று அல்ல, ஐம்பத்தொன்பது, நாங்கள் பள்ளியில் ஒரே வகுப்பு."

நான் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்தினேன். அம்மா கடிதத்தை மறுபடி படித்தாள், முகம் சிவந்துபோனது. மகிழ்ச்சியால் அல்ல.

"பிறந்த வருஷம் அறுபத்தாறை அறுபத்துநாலுன்னு படிச்சிட்டேன்" என்றாள். "மை வெளிறியிருந்துச்சு. சரிபாத்திருக்கணும். முப்பத்தோரு வருஷத்துல வயசைத் தப்பா எழுதினதே இல்ல."

"அம்மா! அவரே ஒத்துக்கிட்டாரு! எழுத்துல!"

"ஆனா நான் தப்பா எழுதியிருக்கேன்ல?"

இவளை என்ன செய்வது? எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். இரண்டு வருடம் எல்லாவற்றையும் மறைத்த மனிதர், நண்பனின் வயது இரண்டு வருடம் கூடிவிட்டது என்றதும் பொறுக்க முடியாமல் திருத்தம் அனுப்பினார். அதை வாங்கியவள், ஆதாரம் கிடைத்ததை விட்டுவிட்டு, தன் பிழைக்கு வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள். ரூலோஃபுக்கு முதலில் ஒரு வரி பதில் எழுதினாள்: "திருத்திவிட்டேன். நன்றி." பிறகுதான் லாம்மெர்டுக்குப் போன் செய்தாள்.

புதன்கிழமை முதல் பக்கத்தில் வந்தது. வியாழக்கிழமை மன்றத்தில் உட்கார இடமில்லை. அம்மா வழக்கம்போலக் கடைசி வரிசையில் கடைசிவரை இருந்தாள். வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது, ஒன்பதுக்கு எட்டு. மூன்று வாரம் கழித்து ரூலோஃப் பதவி விலகினார். தான் பொய் சொல்லவில்லை, வுப்போவைத் தெரியும் என்பதை அந்த நிமிடம் மறந்துவிட்டதாகச் சொன்னார். நாற்பது வருட நண்பரை!

குளத்தை இடிக்கவில்லை. திறக்கவும் இல்லை. விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள். குழு எப்படி விசாரிக்க வேண்டும் என்று முடிவு செய்ய இன்னொரு சிறிய குழு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஏழு வயதாகியும் சான்றிதழ் இல்லாமல், கையில் காற்றடைத்த பட்டையோடுதான் கால்வாய் ஓரம் விளையாடுகிறான். சனிக்கிழமைதோறும் அவன் அம்மா நாற்பது நிமிடம் பேருந்தில் அடுத்த ஊர்க் குளத்துக்குக் கூட்டிப்போகிறாள்.

அம்மாவைச் சமையலறை மேசைக்கு யாரும் அனுப்பவில்லை. அனுப்பினாலும் எந்தச் சமையலறையிலும் விடமாட்டார்கள்.

மே மாதம் ஷூர்ட் மாமாவின் பிறந்தநாளுக்குப் போனோம். நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. அம்மா ஒவ்வொருவராகக் கை குலுக்கி, "ஷூர்ட் பிறந்தநாளுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிக்கொண்டே போனாள். முதல் முறையாக எங்கள் ஊரில் நான் அதைப் பார்த்தேன்: நன்றி சொல்வதற்கு முன் எல்லோரும் ஒரு கணம் யோசித்தார்கள். மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் நகராட்சியில் வேலை பார்ப்பவர். அவர் கை மட்டும் குலுக்கினார், வாயைத் திறக்கவே இல்லை.

கேக் சாப்பிட்டதும் அம்மா கழிப்பறைக்கு எழுந்து போனாள். மாமாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்த அம்மா, "ஷூர்ட், உங்க டாய்லெட்ல ஆணி மட்டும்தான் இருக்கு" என்றாள்.

"சுவருக்கு... பெயின்ட் அடிக்கணும்" என்றார் மாமா.

"எப்போ?"

"அடுத்த மாசம்."

"யாரு அடிக்கிறா?"

மாமா கேக் தட்டைக் கீழே வைத்தார். அம்மா பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "நீங்க நகராட்சியிலதானே இருக்கீங்க? அந்தக் குளத்துக்கு எப்போ தண்ணி விடுவீங்க?"

அவர் காப்பியைக் கலக்கினார். "எழுத்துல கேட்டிருங்க மேடம்" என்றார்.

அம்மா கைப்பையிலிருந்து ஏற்கெனவே எழுதி, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டிய மனுவை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "ஆறு வாரம். இன்னைலேருந்து எண்ணிக்கோங்க."